சீப்பு என்று கூப்பிட்டவள்

பென்சில் அண்ணா தானாகவே எழுதிக்கொண்டு வந்து கொடுத்த அன்று எனக்கு ஆச்சரியத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. அந்த வாரம் எனக்கு ஒரு வேலை மிச்சம்.

எங்கள் விளம்பரக் கம்பெனியின் இணையதளத்தில் 'எங்கள் மேசையிலிருந்து' என்று ஒரு பக்கம் இருந்தது. வாரம் ஒருவர், வேலையிலோ வீட்டிலோ வழியிலோ கண்டதைப் பத்து இருபது வரியில் எழுத வேண்டும். வாடிக்கையாளர்கள் கம்பெனியை நம்புவதில்லை, மனிதர்களைத்தான் நம்புகிறார்கள் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, கம்பெனியை நடத்தும் மேடம் ஆரம்பித்தது. முதல் மாதம் எல்லோரும் உற்சாகமாக எழுதினார்கள். இரண்டாவது மாதம் சாக்குச் சொன்னார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து எல்லோர் பெயரிலும் நானே எழுதினேன். அங்கே விளம்பர வாசகம் எழுதுகிறவள் நான். 'வசனம்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்களோடு பேசும் பையன் அனுப்புகிற எல்லா மின்னஞ்சலுக்கும் 'அவசரம்' என்றே தலைப்பு இருக்கும், அதனால் அவனுக்கு அதுவே பெயர். போக்குவரத்து நெரிசலில் நின்று பொறுமை கற்றுக்கொண்டதாக அவன் பெயரில் ஒருமுறை எழுதிப் போட்டேன். படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "நான் இவ்ளோ நல்லவனா?" என்று உண்மையாகவே கேட்டான்.

பென்சில் அண்ணா எங்கள் வடிவமைப்பாளர். படம், எழுத்து, நிறம் எல்லாம் கணினியில்தான். ஆனாலும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், முழு வழுக்கை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். மாலை ஆறு அடித்ததும் எழுந்து போய்விடுவார். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். என்ன உடம்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் கொடுத்தது கையால் எழுதிய இரண்டு தாள். அதில் இருந்தது இதுதான். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர். எந்த வண்டி, எத்தனை மணி, எந்த இடம் என்று நாளெல்லாம் பதில் சொன்னவர். ஒரு காலையில் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறின, சொற்கள் தேறவில்லை. பொருளைப் பார்த்தால் என்னவென்று தெரியும், வாயில் மட்டும் வேறு ஏதோ ஒரு பெயர் வரும். படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா. கடையில் கிடைத்த பட அட்டைகள் குழந்தைகளுக்கானவை. 'யானையைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை எங்கள் வீட்டில் இதுவரை வந்ததில்லை' என்று எழுதியிருந்தார். அதனால் அலுவலகத்தில் வீணாகிற அச்சுத் தாள்களை எடுத்துப் போய், நாங்கள் விளம்பரம் செய்த சோப்பு, குடை, நாற்காலி, தலையணை, குழாய் எல்லாவற்றையும் வெட்டி அட்டையில் ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் இடம் விட்டுப் பெயரும் எழுதினார். தினமும் மாலையில் அதை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

'மூன்று வாரம் என்னை அவள் சீப்பு என்று கூப்பிட்டாள். என் தலையைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடியும் சீப்பு என்றாள்' என்று இரண்டாம் தாளில் இருந்தது. கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'இருபத்தாறு வருடமாக விளம்பரம் வடிவமைக்கிறேன். அவற்றைப் பார்த்து யார் என்ன வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி குடை என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்பது மட்டும் தெரியும்.'

நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அப்படியே ஏற்றினேன்.

வழக்கமாக அந்தப் பக்கத்தை நாற்பது பேர் படிப்பார்கள். அதில் பதினைந்து பேர் நாங்கள். இதை முதல் இரண்டு நாளிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் படித்துவிட்டார்கள். கீழே முன்பின் தெரியாதவர்கள் தங்கள் அப்பாவைப் பற்றி, கணவரைப் பற்றி, அக்காவைப் பற்றி எழுதினார்கள். பென்சில் அண்ணா அவற்றை மதிய நேரத்தில் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒருநாள் திரும்பி என்னிடம், "இத்தனை பேர் இருக்காங்க பாருங்க" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அது கம்பெனிக்குக் கெட்ட காலம். பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய நாற்காலிகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னலோரம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். அடுத்து யார் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். என் கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. காலையில் நான் கிளம்பும்போது அவரும் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பார். என் வேலையும் போனால் என்ன செய்வது என்பதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் மாத்திரைக் கம்பெனிக்காரர் வந்தார். நினைவாற்றலுக்கும் பேச்சுத் தெளிவுக்கும் என்று ஒரு மாத்திரை. அவர் மகள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அழுதாளாம். அந்தக் கதை வேண்டும், குறிப்பாக அந்தச் சீப்பு வேண்டும் என்றார். வருடம் முழுவதற்குமான வேலை, முக்கியமான பேருந்து நிறுத்தங்களிலெல்லாம் பலகை.

கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறைக்குப் பென்சில் அண்ணாவைக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்த மாத்திரைய நானே டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டிருக்கேன். கெடுதல் இல்ல, பிரயோஜனமும் இல்லன்னாரு. அதுக்கப்புறம் என் வாயால எப்படி சொல்றது?"

குணமாக்கும் என்று நாங்கள் எங்கேயும் சொல்லப்போவதில்லை என்றார் மாத்திரைக்காரர். அது உண்மைதான். சொல்லாமல் சொல்வது எங்கள் தொழில். 'துணை நிற்கும்', 'பலர் உணர்ந்திருக்கிறார்கள்' என்று எழுதினால் எந்தச் சட்டத்திலும் மாட்டாது. ஆனால் பென்சில் அண்ணா தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவரிடம் பேசிப் பார்க்கும் பொறுப்பை மேடம் என்னிடம் விட்டார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். கேட்கவே விடவில்லை. "வேணாம்மா. அது எங்க ரெண்டு பேரோடது. ஏதோ தோணுச்சு, எழுதிட்டேன், அதோட விடுங்க" என்றார்.

மேடத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் அவர் கண்கள் வீங்கித்தான் அலுவலகம் வருவார். அண்ணா முடியாது என்கிறார் என்று நான் சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அப்ப மாத்தி எழுது. புருஷன் பொண்டாட்டி வேணாம், அம்மா பையன்னு வெச்சுக்கோ. இதுவும் போச்சுன்னா யார வெச்சுக்கறது, யார அனுப்பறதுன்னு நீயே வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

மாற்றி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சீப்பை மட்டும் மாற்றப் பார்த்தேன். கரண்டி, செருப்பு, தலையணை, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. சீப்பில் இருந்த சிரிப்பும் துக்கமும் வேறெதிலும் இல்லை. திருடுகிறவளுக்கும் ரசனை இருக்கிறது. சீப்பையே வைத்தேன்.

'அம்மா என்னைச் சீப்பு என்று கூப்பிட்டாள். நாற்பதாம் நாள், என் பெயரைச் சொன்னாள்.'

அவ்வளவுதான் வாசகம். கீழே மாத்திரையின் பெயர். யாரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடக் கூடாது என்று இணையதளத்திலிருந்து அண்ணா எழுதியதை நீக்கச் சொன்னார்கள். அதன் கீழே வந்திருந்த கடிதங்களும் அதோடு போயின. நீக்கியது என் விரல்தான்.

மற்றொரு வடிவமைப்பாளரைத்தான் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களே. அதனால் அந்த வேலை பென்சில் அண்ணாவின் மேசைக்கே போனது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. "நாப்பதுங்கறது எண்ணுல வரணுமா, எழுத்துலயா?" எழுத்தில் என்றேன். "சரி" என்றார். ஐந்தரை மணிக்கு வடிவம் தயாராகிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. பெரிதாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு. மாத்திரைக்காரர் பார்த்ததும் ஒரே நொடியில் சரி என்றார். வீட்டில் மனைவிக்காக எழுதி எழுதி அண்ணாவின் கைக்கு அந்த அளவும் அந்த இடைவெளியும் பழகிப்போயிருந்தன என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கம்பெனி பிழைத்தது. யாரையும் அனுப்பவில்லை. ஜன்னலோர நாற்காலிகளில் ஒன்று மறுபடியும் மேசைப் பக்கம் திரும்பியது. மேடம் பெரிய கேக் ஒன்று வாங்கிவந்து வெட்டினார். அவசரம் எல்லோருக்கும் கை கொடுத்தான். பென்சில் அண்ணா தனக்குக் கொடுத்த துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசினார். அதிலும் குறை சொல்ல முடியாதபடி மரியாதையாகப் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

பலகைகள் ஏறி மூன்று வாரம் இருக்கும். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் என் மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவ அதப் படிச்சிட்டா" என்றார்.

வாரம் இரண்டு நாள் மனைவியைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். வழியில் அந்த நிறுத்தத்தில்தான் பேருந்து மாற வேண்டும். உடம்பு கெட்டதிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒற்றைச் சொல்தான் படிக்க வரும். வாக்கியம் பாதியிலேயே நழுவிவிடும். அன்று அவர் பலகைக்கு முன்னால் நின்று, காற்றில் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தாராம். ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. அவர் நகரவில்லை. இரண்டு வாக்கியத்தையும் முழுதாகப் படித்து முடித்துவிட்டு, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து, சிரித்து, "நம்ம மாதிரி, நம்ம மாதிரி" என்றாராம்.

"தன்ன மாதிரியே இன்னொருத்தி இருக்கான்னு அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அதுவும் குணமானவ" என்றார் அண்ணா. "அன்னைக்கே மாத்திரை வாங்கச் சொன்னா. வாங்கிக் குடுத்தேன்."

பொய் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொல்றதுன்னா முழுசா சொல்லணும். உன் கதையத்தான் வித்துட்டாங்கன்னு சொல்லணும். அத எழுதி உங்க கையில கொண்டாந்து குடுத்தது நான்தானே?" அவர் குரலில் கோபம் இல்லை. "இப்ப விளம்பரத்துல வர்ற அந்தம்மாவப் பாக்கணும்ங்கறா. தினமும் இதே பேச்சு. ஒரு தடவ நீங்க வந்து என்னத்தையாவது சொல்லுங்க. என்னால முடியல."

சனிக்கிழமை போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பேருந்தில் போகும்போதே வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக்கி மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் எழுதினேன். அந்த அம்மா இல்லை. என்னை மன்னியுங்கள்.

அவர்கள் வீடு இரண்டாம் மாடியில். படிக்கட்டு குறுகல், எதிரில் யாராவது வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கதவைத் திறந்தது அண்ணாவின் மனைவிதான். அண்ணாவை அண்ணா என்று கூப்பிடுகிறவள், அவரை அண்ணி என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. இஸ்திரி போட்ட உடை, தலை படிய வாரியிருந்தார். எனக்காகவே தயாராகிக் காத்திருந்தார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வலது கை மட்டும் இடது கையைவிடக் கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது. மேசைமேல் செருப்புப் பெட்டியில் அட்டைகள். எல்லாம் என் அலுவலகத்துச் சோப்பும் குடையும்.

உட்கார்ந்ததும், "அவங்க... அந்த அம்மா... எப்படி?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்து எடுத்தார். பிறகு எழுந்து போய் மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்து காட்டினார். காலியான இடங்களை விரலால் தொட்டு எண்ணி, "நாப்பது" என்றார். நாற்பது நாளுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று காட்டினார். ஜன்னலண்டை எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அண்ணா நின்றுகொண்டிருந்தார்.

பேருந்தில் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் மூன்றும் நினைவில் இருந்தன. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை.

"நல்லா இருக்காங்க அண்ணி. உங்களப் பத்தி சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பேர்?" என்று கேட்டார். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவர் அதைச் சொல்லப் பார்த்தார். முதல் எழுத்து வந்தது, அடுத்தது புரண்டது. கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் முயன்றார். நெற்றியில் வியர்த்தது. ஐந்தாவது ஆறாவது முறை பெயர் சரியாக வந்துவிட்டது. வந்ததும் குழந்தை மாதிரி அதையே மூன்று தடவை சொன்னார். தன் கணவரின் பெயரே இன்னும் வாயில் நிற்காத ஒருத்தர், இல்லாத ஒருத்தியின் பெயருக்காக அவ்வளவு பாடுபட்டார். நான் எதிரில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுப் பிழைப்புக்குச் செய்தது, நீ என்ன செய்திருக்க முடியும் என்று அவர் ஆறுதல் சொன்னார். எனக்காகத்தானே செய்தாய் என்று அவர் மனத்தில் ஓடியதும் எனக்குக் கேட்டது. இருவரும் சாப்பிடாமல் எழுந்தோம்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய், குறைந்தது அந்த ஒரு நிறுத்தத்திலிருந்தாவது பலகையை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அண்ணி வீட்டில் நடந்ததையும் சொன்னேன். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. நான் எடுக்கச் சொன்னா அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. விளம்பரம் அங்கயேதான் இருக்கும், நாமதான் இருக்க மாட்டோம்" என்றார். அது உண்மை என்பதால் நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை, அண்ணா தன் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த அன்று அலுவலகப் படிக்கட்டில் நின்று சொன்னார்.

நாற்பதாம் நாள் அண்ணி விடியும் முன்பே எழுந்து, குளித்து, அண்ணாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாராம். கணவரின் பெயரைச் சொல்ல முயன்றார். வரவில்லை. ஓய்வெடுத்து மறுபடியும் முயன்றார். மதியம்வரை அப்படியே. கடைசியில் தன் மார்பைத் தொட்டு, "நான்... சரியா... பண்ணல" என்றாராம். அதற்கடுத்த வாரம் மாத்திரை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. தினமும் இவருக்குத் தெரியாமல் இரண்டு மூன்றாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். தான் எழுதியது, நான் மாற்றியது, தானே அதை வடிவமைத்தது என்று எதையும் விடவில்லை.

"மாத்திரைக்காக அவ கோவிச்சுக்கல. என்மேலயும் கோவப்படல. அந்தம்மாவப் பத்திதான் கேட்டா. நீங்க சொல்லிக்குடுத்த பேரச் சொல்லி, அவங்க எங்கன்னு கேட்டா. அப்படி யாரும் இல்லன்னேன்." அண்ணா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் என்னப் பாத்து, 'அப்ப நான் மட்டும்தானா?'ன்னா. ஒரு எழுத்து தடுக்கல. ஒன்றரை வருஷத்துல அவ முழுசா பேசின முதல் பேச்சு அதுதான்."

பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறாராம். அட்டைப் பெட்டியைத் தொடுவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், பதில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டுப் புத்தகம் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் அண்ணா வேலை பார்த்துக்கொண்டார். மதியம் போய்ப் பார்த்துவிட்டு வர வசதி என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். கீழே போனவர் திரும்பி ஏறி வந்து, மேசை இழுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் நீக்கிய கடிதங்களைத் தேடினேன். அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், நீங்கள் மட்டும் இல்லை என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கெஞ்சினேன். அவர் இரண்டு நாள் தேடிவிட்டுக் கையை விரித்தார். ஒன்றிரண்டுதான் எனக்கு ஞாபகம் இருந்தன.

பிறகு நானே அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக. பொய் எழுதியது நான் என்று எழுதினேன். அண்ணாமேல் தவறு இல்லை என்று எழுதினேன். 'நீங்கள் மட்டும் இல்லை. ஒரு பெண் எங்களுக்கு எழுதியிருந்தாள். அவள் அப்பா எல்லாவற்றையும் மாடி என்று சொல்கிறாராம். தண்ணீர் வேண்டுமென்றாலும் மாடி. அவளைக் கூப்பிட்டாலும் மாடி. இது உண்மை. என்னிடம் அத்தாட்சி இல்லை' என்று முடித்தேன். பதினொரு வருடமாக எழுதிப் பிழைக்கிறேன். ஒரு வாக்கியத்தை நம்பவைக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

அதைத் தபாலில் போட்டு, மூன்று வாரம் பொறுத்துவிட்டு அண்ணாவுக்குப் போன் செய்தேன். பின்னால் அச்சு இயந்திரத்தின் இரைச்சல்.

"வந்துச்சும்மா. நாலு நாளா உக்காந்து படிச்சா" என்றார். "படிச்சு மடிச்சு அலமாரில வெச்சா. நேத்துதான் கேட்டா. வாய் பேசல, அந்த வரியக் காட்டி, இது நெஜமான்னு கையாலயே கேட்டா."

"நெஜம்தான் அண்ணா. சத்தியமா."

"எனக்குத் தெரியும். நானும் அதப் படிச்சிருக்கேனே. நானும் நெஜம்தான்னு சொன்னேன்." இரைச்சலை மீறிக் குரலை உயர்த்தினார். "ஆனா நம்ம ரெண்டு பேர் சொல்றதையும் அவ இப்ப எடுத்துக்கறதில்ல."

ஒருமுறை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிறகு, என் வீட்டுக்காரருக்கு வேலை ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்தார். போன மாதம் கிடைத்துவிட்டது என்றேன். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாத்திரை விளம்பரம் நன்றாகப் போகிறது. அடுத்த வருடத்துக்கும் கையெழுத்தாகிவிட்டது. அந்த வேலையிலிருந்து என்னை விடுவிக்கச் சொன்னேன். மேடம் மறுக்கவில்லை; புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். நான் இப்போது மெத்தைக்கு எழுதுகிறேன். பேருந்துக்கு, அந்தப் பலகை இல்லாத வேறு நிறுத்தத்துக்கு நடந்து போகிறேன். கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறது.